படகுக்குத் தைத்த தோல் துருத்தி

1. வடமதுரைக் கிணற்றடி

அந்த யோசனை எனக்கு வந்தபோது வடமதுரைப் பக்கம் ஒரு கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தேன். கையெல்லாம் டீசல் நாற்றம். பாலிடெக்னிக் முடித்து, திண்டுக்கல் திருச்சி ரோட்டில் ஒரு ஆயில் இஞ்சின் ஒர்க் ஷாப்பில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு தோட்டக்காரரின் பம்ப்செட்டு நின்றுவிட்டது என்று முதல்நாள் ஆள் வந்து கூப்பிட்டார். நான் மறுநாள்தான் போனேன். போய்ப் பார்த்தால் அவர் பரணில் கிடந்த கமலையை இறக்கி, மாட்டைப் பூட்டி இறைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. நீங்க நேத்து வரமாட்டீகன்னு எனக்குத் தெரியும். அதான் நேத்து பொழுது சாயவுமே தும்பிய ஊறப் போட்டுட்டேன்" என்றார்.

கிண்டல் சுருக்கென்று குத்தியது. குத்தியதோடு சரி. அவர் சொன்னதில் கிண்டலை மட்டும் காதில் வாங்கினேன். மீதிப் பாதியைக் காதில் வாங்கியிருந்தால் இந்தக் குறிப்பை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

கமலை பார்க்காத பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். மாடு இழுக்க, கிணற்றுக்குள்ளிருந்து இரும்புச் சால் தண்ணீரோடு மேலே வரும். சாலின் அடியில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு தோல் குழாய் தொங்கும். அதுதான் தும்பி. ஏறும்போது மடங்கியிருக்கும். மேலே வந்ததும் நிமிர்ந்து தண்ணீரை வாய்க்காலில் கொட்டும். மடங்குகிறது, நிமிர்கிறது, மடங்குகிறது. நாள் முழுக்க ஈரத்தில் கிடந்தும் ஒரு சொட்டு ஒழுகுவதில்லை.

இஞ்சினைப் பார்க்க வந்தவன் தும்பியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன தம்பி, கமலைய ரிப்பேர் பண்ணப் போறீகளா? அது நல்லாத்தான ஓடுது" என்றார் தோட்டக்காரர்.

என் மனதில் ஓடியது வேறு. ஆத்தூர் அணைக்கரையில் பதினைந்து நாளாக ஒரு படகு கட்டிக் கிடந்தது. அதற்கு வேண்டியது இதேதான் என்று எனக்குப் பட்டது.

2. வெளியே தொங்கும் கால்

அந்தப் படகு இஸ்மாயில் ராவுத்தருடையது. திண்டுக்கல்லில் மீன் வியாபாரம்; அணையில் மீன்பிடி குத்தகையும் அவரிடம் இருந்தது. கொடைக்கானலில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துத் துரை ஊருக்குக் கப்பலேறும்போது, தன் மோட்டார் படகை இவருக்கு விற்றுவிட்டுப் போனார். அக்கரையில் வலை இழுக்கிற பரிசல்களைக் கட்டி இழுத்துவர அது தோதாக இருந்தது. 'எங்கிட்ட மோட்டார் போட் இருக்கு' என்று சித்தையன்கோட்டை பஜாரில் சொல்லிக்கொள்வதற்கும் தோதாக இருந்தது.

அதன் அமைப்பு எனக்குப் புதிது. இஞ்சின் படகுக்குள்ளே இருக்கும். புரொப்பல்லர் சுற்றுகிற கால் படகின் பின்பலகைக்கு வெளியே தொங்கும். பின்பலகையில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு பெரிய ஓட்டை. அதன் வழியே ஷாஃப்ட் போய் காலைச் சுற்றும். காலை மேலே தூக்கலாம், பக்கத்துக்குத் திருப்பலாம். அப்படி அசைகிற இடத்தில் ஓட்டைக்குள் தண்ணீர் புகாமல் இருக்க, ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு ரப்பர் உறை உண்டு. கொல்லன் பட்டறைத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கும். நாங்கள் அதைத் துருத்தி என்றே சொன்னோம்.

வயதான ரப்பர். மடிப்பெல்லாம் வெடித்துவிட்டது. கூடவே ஷாஃப்ட் சீல்கள் மூன்றும் கல்லாகிவிட்டன. சீல்களுக்குக் கவலையில்லை, பம்ப்செட்டு சைஸிலேயே மதுரையில் கிடைத்தன. துருத்திதான் கிடைக்கவில்லை. மதராஸுக்கு எழுதினால், இறக்குமதி லைசென்ஸ் இல்லை, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்று பதில் வந்தது. லாரி டியூபை வெட்டி ஒட்டிப் பார்த்தேன். நேராக இருக்கும்வரை நன்றாக இருந்தது. காலைத் திருப்பினதும் ஒட்டு பிளந்துகொண்டது.

படகை ஓட்டியவர் சிலுவை அண்ணன். தூத்துக்குடிக்காரர். பதினெட்டு வயதிலிருந்து கடலில் மோட்டார் லாஞ்சு ஓட்டியவர். ராவுத்தர் அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார். அணையைப் பார்த்த முதல்நாளே, "இதத்தான் தண்ணின்னு சொல்லுதியளா? எங்க ஊர்ல இதுல துணி துவைப்போம்" என்றாராம். என்னை டிப்ளமா என்றுதான் கூப்பிடுவார். படகு கட்டிக் கிடந்த நாட்களில் அவருக்கு வேலையில்லை. ஆனாலும் தினமும் படகைக் கழுவித் துடைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

"ஏ டிப்ளமா, ஓடுமா ஓடாதா? ஓடாதுன்னா சொல்லிரு. நான் ஊருக்குப் போயி கடலப் பாக்குதேன். வீட்டுக்காரி மாசம் ஒரு காயிதம் போடுதா, மீன் புடிக்க மலைக்கா போனீருன்னு."

"ஓடும்ணே. பத்து நாள் குடுங்க" என்றேன். அப்போது தும்பி என் தலைக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

3. மாரியப்பன் சொன்னது

பேகம்பூர் தோல் மண்டிகளுக்குப் பின்னால் மாரியப்பன் தைத்துக்கொண்டிருந்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். தும்பி தைப்பதில் அவனுக்குச் சுற்றுவட்டாரத்தில் பேர் இருந்தது. பம்ப்செட்டு வந்ததில் தும்பி வேலை குறைந்து, அப்போது பெரும்பாலும் செருப்பும் பெல்ட்டும்தான் தைத்தான். வெடித்த ரப்பர் துருத்தியை அவன் முன்னால் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்ன, ஆர்மோனியப் பொட்டிய யாரும் மிதிச்சுட்டாகளா?"

விஷயத்தைச் சொன்னதும் பேச்சை நிறுத்திவிட்டு அளவெடுக்க ஆரம்பித்தான். குழாயாகத் தைத்து மடித்தால் மடிப்பிலேயே வெடிக்கும் என்றான். அதற்குப் பதிலாகத் தோலை வட்ட வளையங்களாக வெட்டி, ஒரு ஜோடிக்கு உள்விளிம்பிலும் அடுத்த ஜோடிக்கு வெளிவிளிம்பிலும் மாற்றி மாற்றித் தைப்பது அவன் யோசனை. அதை நான் பேப்பரில் வரைந்து அளவு போட்டேன். ஆவாரம்பட்டையில் பதமிட்ட மாட்டுத்தோல். தையலுக்கு நூல் இல்லை, தோல் வார். ஆறு நாளில் முடித்தான். கையில் வாங்கி வளைத்துப் பார்த்தபோது அது உயிருள்ள பிராணி மாதிரி சுருங்கி விரிந்தது.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க" என்றான் மாரியப்பன். "மாசம் ஒருக்க வெளக்கெண்ணெ போடணும். அது பெருசில்ல. தண்ணியிலயே கெடந்தா இது பத்து வருசம் கெடக்கும். தண்ணிய விட்டு எடுத்துக் காயப் போட்டீகன்னா சுருங்கிரும், தையக் கண்ணு தெறந்துக்கும். மறுபடி எறக்குறதுக்கு முந்தி ஒரு ராத்திரி பூரா ஊறணும். ஊறுனா தோலு உப்பித் தானா அடைச்சுக்கும். கமலைக்காரனுக்கு இதச் சொல்ல வேண்டியதில்ல. படகுக்காரருக்குச் சொல்லணும். சொல்லிருவீகள்ல?"

"சொல்லிர்றேன்" என்றேன்.

4. 'ரப்பர் மாதிரியேதான்'

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ராவுத்தர் நாலைந்து சிநேகிதர்களோடு அணைக்கரைக்கு வந்தார். துருத்தியை மாட்டி, இரண்டு பக்கமும் கிளிப்பை முறுக்கி, படகை இறக்கியிருந்தேன். முதல்நாள் சாயங்காலமே மாட்டிவிட்டதால் இரவெல்லாம் தண்ணீரில் கிடந்து நன்றாக ஊறியிருந்தது. அதற்காக நான் அப்படிச் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவசரப்பட வேண்டாம் என்றுதான் முந்தியே மாட்டினேன். தற்செயல்.

சிலுவை அண்ணன் அணையை ஒரு சுற்று சுற்றிவந்து கரையில் நிறுத்தினார். படகின் தளப் பலகையைத் தூக்கிப் பார்த்தோம். உள்ளே காய்ந்து கிடந்தது. ராவுத்தர் என் தோளில் கை வைத்தார்.

"திண்டுக்கல் தோலு, திண்டுக்கல் மூளை. ஏம்ப்பா, இதுக்கு ஏதும் பக்குவம் பாக்கணுமா?"

சுற்றி நாலைந்து பேர் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரியப்பன் சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. தும்பியைப் போல ஊறப்போட வேண்டும் என்று சொன்னால் அந்த சிநேகிதர்கள் சிரிப்பார்கள், படகுக்குக் கமலை கட்டியிருக்கான் என்பார்கள் என்று தோன்றியது. தனியாக இருக்கும்போது சிலுவை அண்ணனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் பாக்க வேண்டியதில்லங்க. மாசம் ஒரு தடவ வெளக்கெண்ணெ போட்டாப் போதும். ரப்பர் மாதிரியேதான்" என்றேன்.

சிலுவை அண்ணன் அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டார். மாசம் தவறாமல் எண்ணெய் போட்டார். நான் அதன் பிறகு மூன்று தடவை அவரைப் பார்த்தேன். மூன்று தடவையும் பேச்சு வேறெங்கோ போயிற்று. ஒரு தடவை அவர் சுட்ட கெண்டை மீனைத் தின்றுகொண்டே கடலைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊறப்போடும் விஷயத்தைச் சொல்ல அரை நிமிஷம் போதும்.

5. ஐப்பசித் தண்ணீர்

பங்குனியில் அணை வற்றியது. படகைக் கரையேற்றிக் கீற்றுக் கொட்டகையில் வைத்தார்கள். ஏழு மாதம் அங்கேயே இருந்தது. அந்தக் கோடையில் கொட்டகைக்குள்ளே நின்றாலே உடம்பு எரியும். ஐப்பசியில் மழை பிடித்து ஒரே வாரத்தில் தண்ணீர் ஏறிற்று. சிலுவை அண்ணன் துருத்திக்கு எண்ணெய் போட்டார், இஞ்சினைத் துடைத்தார், விடிந்ததும் இரண்டு வலைக்காரர்களோடு படகை இறக்கினார்.

காய்ந்த தோலில் தையல் கண்கள் அத்தனையும் திறந்திருந்தன. தண்ணீர் தளப் பலகைக்கு அடியிலேயே ஏறியது. அது பலகைக்கு மேலே வந்தபோது படகு நடு அணையில் இருந்தது. இஞ்சின் நின்றது. வலைக்காரர்கள் பின்னால் கட்டியிருந்த பரிசலுக்குத் தாவிவிட்டார்கள். சிலுவை அண்ணன் கடைசியாகக் குதித்தார். குதிக்கும் முன்னால் நங்கூரக் கயிற்றின் நுனியில் ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னைக் கட்டி மிதக்க விட்டிருக்கிறார், படகு கிடக்கும் இடம் தெரியவேண்டும் என்று. முழுகிக்கொண்டிருக்கிற படகில் நின்று அதை யோசித்த மனுஷர் அவர்.

இரண்டு நாள் கழித்து, அந்த டின்னை அடையாளமாக வைத்துக் கயிறு கட்டி, ஆறு ஜோடி மாட்டைப் பூட்டிப் படகை இழுத்துக் கரை சேர்த்தார்கள். எனக்கு ஆள் அனுப்பினார்கள். பஸ்ஸைப் பிடித்து ஓடினேன்.

"துருத்தியக் கழத்துப்பா" என்றார் ராவுத்தர். குரலில் கோபமில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

கழற்றினேன். ஒரு வாயில் மரக்கட்டையை வைத்துக் கட்டி, மறு வாய் வழியாகத் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தேன். எல்லோரும் குனிந்து அடியைப் பார்த்தார்கள்.

ஒரு சொட்டு விழவில்லை.

இரண்டு நாள் அணைக்கு அடியில் கிடந்து தோல் நன்றாக ஊறிப்போயிருந்தது. எல்லாக் கண்ணும் அடைத்துக்கொண்டிருந்தது. மாரியப்பனின் தையலில் எந்தக் குறையும் இல்லை.

"அப்ப துருத்தி நல்லாருக்கு" என்றார் ராவுத்தர். பிறகு பின்பலகையின் அடியில், படகைக் கழுவும்போது தண்ணீர் வடியத் திறந்துவிடுகிற சின்ன ஓட்டையைப் பார்த்தார். அதில் அடைப்பு இல்லை. கரையேற்றும்போது வடியட்டும் என்று இழுத்தவர்களில் யாரோ கழற்றியிருக்க வேண்டும். ஆனால் 'நான்தான் கழற்றினேன்' என்று சொல்ல அங்கே யாரும் முன்வரவில்லை.

"அடைப்பப் போடாம எறக்கிட்டியா சிலுவை?"

"மொதலாளி, நான் போட்டுட்டுத்தான் எறக்குனேன். கையால முறுக்கிப் பாத்துட்டுத்தான் எறக்குனேன். இருவது வருசமா படகுல நிக்கேன். அடைப்பு இல்லாம எறக்குவனா?"

"அப்ப தண்ணி எங்கிட்டுருந்து வந்துச்சு?"

சிலுவை அண்ணன் ராவுத்தரை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"டிப்ளமா, நீ படிச்சவன். நீயே சொல்லு. அந்தத் தோல்ல ஏதாச்சும் இருக்கா?"

தண்ணீர் நிறைந்த துருத்தி என் கையில் கனத்தது. மாரியப்பன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அந்த நேரத்தில் காதில் கேட்டது. வடமதுரைத் தோட்டக்காரர் சொன்னதுகூட அப்போதுதான் முழுசாகக் கேட்டது.

"தோல்ல ஒண்ணும் இல்லண்ணே" என்றேன்.

நான் சொன்னதில் பொய்யில்லை. தோலில் ஒன்றும் இல்லைதான்.

 அவர் தலையை ஆட்டிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ராவுத்தர் போகச் சொல்லவில்லையாம். "அடைப்பு போடாதவன்னு பேரு வாங்கிட்டு அந்த ஸ்டீரிங்க நான் எப்படித் தொடுவேன்" என்று சொன்னாராம்.

6. ஒர்க் ஷாப் மாடியில்

துருத்தியைப் பரிசோதனைக்கு என்று சொல்லி ஒர்க் ஷாப்புக்கு எடுத்துவந்தேன். மொட்டை மாடியில் போட்டு வைத்தேன். பத்து நாள் வெயில் பட்டது. எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தையல் முழுக்கப் பொட்டுப் பொட்டாக வானம் தெரிந்தது. தண்ணீர் ஊற்றினேன். சல்லடையில் ஊற்றினதுபோல் இறங்கியது. ஒரு இரவு தொட்டியில் போட்டு மறுநாள் ஊற்றினேன். ஒரு சொட்டு இல்லை. இப்படி மூன்று தடவை காயவைத்து ஊறவைத்துப் பார்த்தேன். ஒரு தடவை போதும். மூன்று தடவை செய்தது சொல்லப் போவதைத் தள்ளிப்போடத்தான்.

மாரியப்பன் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தான். மாடியில் காய்ந்த துருத்தியைப் பார்த்தான்.

"படகு முழுகிருச்சாமே. சொன்னீகளா அவருகிட்ட?"

நான் குனிந்து துருத்தியைத் திருப்பிப் போட்டேன்.

"நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனான். அதன்பின் என்னிடம் வேலை வாங்கிக்கொண்டதில்லை.

ராவுத்தரிடம் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அவரே வந்து அமைத்துக்கொடுத்த சந்தர்ப்பம் அது. இன்னொரு படகு வாங்கப் போகிறேன், அதே மாதிரி துருத்தி ஒன்று செய்துகொடு என்றார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். 

"அன்னைக்கே சொல்லியிருந்தா உன்னைய என்ன பண்ணியிருப்பேன்? நாலு வார்த்தை ஏசியிருப்பேன். அம்புட்டுத்தான்" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தூத்துக்குடி மீன் யாவாரிக இங்க வந்தப்ப, எம் படக முக்கிட்டான்னு நான்தாம்ப்பா சொன்னேன். இப்ப அங்க அவனுக்கு லாஞ்சு குடுக்க ஆளு இல்லையாம். உப்பளத்துல மூட்டை தூக்குறானாம். எம் பேச்சால அவனுக்குச் சோறு போச்சு" என்றார்.

ராவுத்தர் லாஞ்சுக்காரர்களுக்குக் காயிதம் எழுதினார். நானும் சிலுவை அண்ணனுக்கு எழுதினேன். அவரிடமிருந்து பதில் இல்லை. லாஞ்சுக்காரர் ஒருவர் மட்டும் ராவுத்தருக்குப் பதில் போட்டிருந்தார். தோல் துருத்தி நல்லாருந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க, நாலு பேர் பார்க்கத் தண்ணி ஊத்திப் பார்த்ததாகவும் சொன்னீங்க, இப்போ மனசு இரங்கி மாத்தி எழுதுறீங்களோ என்று கேட்டிருந்தார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. கண்ணால் கண்டதைக் காயிதத்தால் அழிக்க முடியாது.

7. சனிக்கிழமைக்கு

ஒர்க் ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள், நான் செய்த இந்த வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். வரைபடத்தைத் தனியாகக் கொடுக்கிறேன். அளவெல்லாம் சரியாக இருக்கிறது. வரைபடத்தின் அடியில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: காய்ந்தால் ஓர் இரவு ஊற வேண்டும். ஒரு சாமானைச் செய்தவர் என்ன சொன்னாரோ அது ஓட்டுகிறவர் காதுக்குப் போய்ச் சேரும்வரை நம் வேலை முடியவில்லை. கிளிப்பை முறுக்கினதோடு வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன்.

வருகிற சனிக்கிழமை தூத்துக்குடிக்கு ரயில் ஏறுகிறேன். ராவுத்தரும் வருகிறார். அந்த லாஞ்சுக்காரர்களை ஒரு இடத்தில் கூட்டச் சொல்லியிருக்கிறது. மாரியப்பனையும் போய்க் கூப்பிட்டேன். "நான் எதுக்கு? தையலப் பத்தி யாரும் குறை சொல்லலையே" என்றான். வருவானா மாட்டானா தெரியவில்லை. அவர்கள் முன்னால் துருத்தியைக் காய்ந்தபடி எடுத்து வைத்து, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றப் போகிறேன். ஒழுகுவதைப் பார்க்கட்டும். பிறகு அவர்கள் ஆள் ஒருவர் காவலிருக்க, ஒரு இரவு ஊறப்போட்டு, மறுநாள் காலையில் மறுபடியும் ஊற்றப் போகிறேன். சிலுவை அண்ணன் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் பதில் சொன்னதாக ஆகும். அவர் வந்து நிற்பாரா என்பது எனக்குத் தெரியாது. உப்பளத்துக்கே போய்க் கூப்பிடுவதாக இருக்கிறேன்.

இரண்டு வாரமாகத் துருத்தியை மாடியில் காயவைத்து எடுத்து, மெழுகுத் துணியில் மூன்று சுற்று சுற்றித் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டது. வெளியே இப்போதுகூட மழை பெய்துகொண்டிருக்கிறது. தூத்துக்குடி போய்ச் சேரும்வரை அதில் ஒரு பொட்டு ஈரம் படக்கூடாது.